பெட்டியில் ஊறுகாய் இருக்கிறது, கையில் காசு இருக்கிறதா?



கோடை விடுமுறை நெருங்குகிறது. எங்கள் தெருவில் மட்டும் மூன்று வீடுகளில் வெளிநாட்டுப் பயணத்துக்குப் பெட்டி கட்டுகிறார்கள். ஒரு வீட்டில் பேறுகாலம் பார்க்க அமெரிக்கா. இன்னொரு வீட்டில் மகளைப் பார்க்க சிங்கப்பூர். மூன்றாவது வீட்டில் துபாய். மாவடு, பருப்புப்பொடி, இட்லிப்பொடி, வேப்பிலைக்கட்டி என்று ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்த்து வைக்கிறார்கள். பாஸ்போர்ட், விசா, மாத்திரைச் சீட்டு எல்லாம் தனிப் பையில் தயார். "செலவுக்கு என்ன கொண்டு போகிறீர்கள்?" என்று கேட்டால் மட்டும் மூன்று வீட்டிலும் ஒரே பதில்: "அங்கே பிள்ளை இருக்கான் சார், நமக்கென்ன செலவு?"

இந்தப் பதிலை நான் ஒப்புக்கொள்வதில்லை. பிள்ளை வீட்டுக்கே போனாலும், அறுபது வயதைத் தாண்டியவர்கள் தங்கள் பெயரில், தங்கள் கையில், தாங்களே இயக்கத் தெரிந்த பணத்தோடுதான் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்பது என் கருத்து. கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று எனத் தனித்தனியாக. ஏன், எப்படி என்று விளக்குகிறேன். பதிவு நீளமானது. என் வகுப்பில் உட்கார்ந்த பழக்கம் உள்ளவர்களுக்கு அது புதிதல்ல.

முதலில் ஏன் என்பதைப் பார்ப்போம்.

என் பழைய மாணவன் ஒருவனின் அம்மா, மருமகளின் பிரசவத்துக்காகச் சிங்கப்பூர் போயிருந்தார். மகன் வேலை விஷயமாக வேறு நாட்டுக்குப் போயிருந்த இரண்டு நாளில் மருமகளுக்கு வலி வந்துவிட்டது. ஆம்புலன்ஸ் வந்து மருமகளை அழைத்துப் போனது. பெரிய பேரனுக்கு மூன்று வயது. அவனைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே டாக்சியில் போக வேண்டும். அந்த அம்மாவின் சுருக்குப் பையில் இருந்தது ஊரிலிருந்து கொண்டுபோன ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்று. எதிர்வீட்டு மலாய்ப் பெண்மணி நிலைமையைப் புரிந்துகொண்டு கையில் இருபது வெள்ளியைத் திணித்து டாக்சியில் ஏற்றி அனுப்பினார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. பெண் குழந்தை.

ஊருக்குத் திரும்பியதும் அந்த அம்மா என்னிடம் சொன்னது இது: "சார், பேத்தி முகத்தைப் பார்த்த சந்தோஷம் ஒரு பக்கம். நாற்பது வருஷம் குடும்பம் நடத்தினவ, ஒரு டாக்சிக்குக் கை ஏந்தினேனேங்கிறது இன்னொரு பக்கம். அது போகவே மாட்டேங்குது."

அந்த மகன் கெட்டவன் இல்லை. அம்மாவுக்குத் தங்க வளையல் வாங்கிக் கொடுத்தவன். ஆனால் செலவுக்குக் கையில் பணம் கொடுக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. கேட்க வேண்டும் என்று அம்மாவுக்கும் தோன்றவில்லை. நம் வீடுகளில் பெரும்பாலும் இப்படித்தான். அன்புக்குக் குறைவில்லை. காசைப் பற்றிப் பேசத்தான் கூச்சம்.

ஆபத்து நேரம் இருக்கட்டும், சாதாரண நாளைப் பாருங்கள். பேரனோடு பூங்காவுக்குப் போகிறோம். அவன் ஐஸ்கிரீம் வண்டியைப் பார்க்கிறான். தாத்தா கையில் காசில்லை. "அப்பா வந்ததும் வாங்கலாம்டா" என்கிறார். பள்ளிக்கூடத்தில் ஐந்நூறு பிள்ளைகளை அடக்கி ஆண்ட தலைமையாசிரியர் ஒருவர், மகன் வீட்டில் இருந்த ஐந்து மாதமும் வெளியில் ஒரு காப்பி குடிக்கவில்லை என்றார். மகனிடம் கேட்டால் கொடுத்திருப்பான். கேட்கத்தான் மனசு வரவில்லை. "கையிலே காசு, வாயிலே தோசை" என்று நம் ஊரில் சும்மாவா சொன்னார்கள்? அடுத்தவர் கையிலே காசு இருந்தால் நம் வாய்க்குத் தோசை வரும். எந்தத் தோசை, எப்போது என்பது மட்டும் நம் விருப்பப்படி நடக்காது.

இதைச் சொன்னால் பிள்ளைகளுக்குக் கோபம் வருகிறது. "அப்போ எங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்கிறார்கள். அவர்களுக்கு என் பதில் இது. நீங்கள் வேலைக்குப் போன முதல் மாதம், அப்பாவிடம் பஸ் காசு கேட்காமல் சொந்தச் சம்பளத்தில் டிக்கெட் எடுத்தீர்களே, அன்று உங்களுக்கு இருந்த நிமிர்வு நினைவிருக்கிறதா? அப்பா மீது நம்பிக்கை இல்லாமலா அந்த நிமிர்வு வந்தது? அதே நிமிர்வைத்தான் உங்கள் அப்பா அம்மாவுக்கும் கேட்கிறேன்.

பெரியவர்கள் பக்கத்திலிருந்தும் ஒரு மறுப்பு வரும். "அங்கே ஒரு காப்பி நூறு ரூபாய் சார். மனசு எப்படி வரும்?" என்பார்கள். சிங்கப்பூர் உணவங்காடியில் காப்பி ஏறக்குறைய ஒன்றரை வெள்ளி. ஒரு வெள்ளி 65 ரூபாய் என்று வைத்துக்கொண்டு உடனே பெருக்கிவிடுகிறோம். பதினாறாம் வாய்ப்பாடு வரை சொல்லிக் கொடுத்தவன் நான். பெருக்க வேண்டாம் என்று சொல்வேனா? பெருக்குங்கள். ஆனால் ஒரே ஒரு முறை, அதுவும் கிளம்புமுன் ஊரில் உட்கார்ந்து பெருக்குங்கள். "இந்தப் பயணத்துக்கு நம் கைச்செலவு நாற்பதாயிரம் ரூபாய்" என்று கணவனும் மனைவியும் பேசி முடிவு செய்யுங்கள். 65 ரூபாய்க் கணக்கில் அது ஏறக்குறைய 615 வெள்ளி. பத்து வாரம் என்றால் வாரத்துக்கு 61 வெள்ளி. அங்கே போனபின் ரூபாயை மறந்துவிட்டு இந்த 61-ஐ மட்டும் பாருங்கள். வாரக் கடைசியில் மிச்சம் இருந்தால் அடுத்த வாரத்துக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காப்பிக்கும் பெருக்கினால் காப்பியும் இறங்காது, ஊரும் ரசிக்காது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அளப்பது ஒரு முறை போதும்.

இனி எப்படி என்பதற்கு வருவோம். பணத்தை மூன்று வழியில் பிரித்துக் கொண்டுபோவதே நல்லது: கொஞ்சம் நோட்டு, பெரும்பகுதி ஃபாரெக்ஸ் கார்டில், அவசரத்துக்கு ஒரு வங்கிக் கார்டு. மூன்றும் ஒரே பர்ஸில் இருக்கக் கூடாது. ஒன்று கைப்பையில், ஒன்று பெட்டியில், ஒன்று மனைவியிடம்.

நோட்டு: இறங்கியதும் டாக்சி, தண்ணீர் பாட்டில், இரண்டு மூன்று நாள் சில்லறைச் செலவு ஆகியவற்றுக்குப் போதுமான அளவு போதும். நம் ரிசர்வ் வங்கி விதிப்படி பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்துக்கு ஒருவர் 3,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை நோட்டாகக் கொண்டுபோகலாம். நமக்கு அவ்வளவு தேவைப்படாது. அதிகாரம் பெற்ற நாணய மாற்று நிலையத்தில் அல்லது வங்கியில் வாங்கி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ரூபாயை ரொக்கமாகக் கொடுத்து வாங்குவதென்றால் 50,000 ரூபாய்க்குள்தான். அதற்கு மேல் காசோலை, கார்டு, வங்கிப் பரிமாற்றம் என்று கணக்கு வழியாகத்தான் கொடுக்க முடியும். விமான நிலையத்துக்குப் போய் மாற்றிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். அங்கே விலை பெரும்பாலும் நமக்குச் சாதகமாக இருக்காது. நம் ரூபாய் நோட்டை 25,000 வரை வெளியே எடுத்துச் செல்ல அனுமதி உண்டு. திரும்பி வந்து இறங்கும்போது ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் தேவைப்படும். கொஞ்சம் வைத்திருங்கள்.

ஃபாரெக்ஸ் கார்டு: இது முன்கூட்டியே பணம் நிரப்பிக்கொள்ளும் அட்டை. நிரப்பும் அன்றைக்கு என்ன விலையோ அந்த விலையில் டாலராகவோ வெள்ளியாகவோ உள்ளே உட்கார்ந்துவிடும். பின்னால் ரூபாய் மதிப்பு இறங்கினாலும் நமக்குப் பாதிப்பில்லை. கார்டு தொலைந்தாலும் அதில் போட்ட தொகையோடு போகும். பென்ஷன் கணக்கை யாரும் தொட முடியாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். எந்த நாட்டுக்குப் போகிறீர்களோ அந்த நாட்டு நாணயத்தையே நிரப்புங்கள். டாலரை நிரப்பிக்கொண்டு சிங்கப்பூரில் தேய்த்தால், நாணயம் மாற்றியதற்கென்று தனியாகப் பிடிப்பார்கள்.

வங்கிக் கார்டு: பென்ஷன் வரும் கணக்கின் கார்டை வெளிநாட்டில் நீட்டாதீர்கள். அதே வங்கியிலோ வேறு வங்கியிலோ இன்னொரு சேமிப்புக் கணக்கு தொடங்கி, பயணத்துக்கு ஒதுக்கிய தொகையை மட்டும் அதில் போட்டு, அதன் கார்டை எடுத்துப் போங்கள். எது நடந்தாலும் நஷ்டத்துக்கு ஓர் எல்லை இருக்கும். பென்ஷன் கணக்குக்குக் கொடுத்திருக்கும் ரூபே கார்டு உள்நாட்டுக்கு மட்டுமே ஆனதாகவும் இருக்கலாம். வெளிநாட்டில் செல்லுமா என்று வங்கியில் கேட்டுத் தெரிந்துகொண்டு, தேவையானால் வேறு கார்டு வாங்குங்கள். கிரெடிட் கார்டு வேண்டும் என்று நினைக்கும் ஓய்வூதியர்களுக்கு, வைப்புத் தொகையை ஈடாக வைத்துக்கொண்டு கார்டு கொடுக்கும் வங்கிகள் உண்டு. ஓட்டலில் தங்குவதாக இருந்தால் கிரெடிட் கார்டு நல்லது. அறை கொடுக்கும்போது முன்பணமாக ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள். டெபிட் கார்டு கொடுத்தால் அது நம் சொந்தப் பணம், விடுபடச் சில நாள் ஆகும். அந்த நாட்களில் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டும். ஆனால் கிரெடிட் கார்டைப் போட்டு ஏ.டி.எம்.மில் பணம் எடுக்காதீர்கள். எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

கிளம்புமுன் செய்ய வேண்டிய வேலைகள் சில உண்டு. இவற்றை விமான நிலையத்தில் செய்ய முடியாது.

ஒன்று. கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிடுவது. 2020-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, புதிதாகக் கொடுக்கும் கார்டுகள் உள்நாட்டு ஏ.டி.எம்.மிலும் கடை இயந்திரத்திலும் மட்டுமே வேலை செய்யும். வெளிநாடு, இணையம், தட்டிச் செலுத்துவது ஆகிய மூன்றையும் நாமே கேட்டுத் திறக்க வேண்டும். வங்கியின் செயலியில் இதற்குப் பொத்தான் இருக்கும். அங்கேயே ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று வரம்பும் வைத்துக்கொள்ளலாம். இணையப் பயன்பாட்டைத் தேவைப்படும்போது மட்டும் திறந்து மூடுங்கள். வெளிநாட்டு இணையதளங்கள் பலவற்றில் ஓ.டி.பி. கேட்காமலேயே பணம் போய்விடும்.

இரண்டு. கார்டு காலாவதியாகும் மாதத்தைப் பாருங்கள். ஆறு மாதம் தங்கப் போகிறவர்களின் கார்டு நான்காவது மாதம் காலாவதியானால், புதுக் கார்டு இங்கே பூட்டிய வீட்டு வாசலுக்கு வந்து திரும்பிப் போகும்.

மூன்று. வங்கியில் பதிவு செய்த கைபேசி எண்ணை உயிரோடு வைத்திருப்பது. ரோமிங்கை இங்கேயே செயல்படுத்தி, அதற்கான ரீசார்ஜும் செய்துகொண்டு கிளம்புங்கள். அங்கே போனதும் புது சிம் போட்டுவிட்டுப் பழைய சிம்மை மாத்திரை டப்பாவில் போட்டு வைத்தால், வங்கியின் ஓ.டி.பி.யும் எச்சரிக்கையும் மாத்திரை டப்பாவுக்குத்தான் போகும்.

நான்கு. வங்கியின் +91 என்று தொடங்கும் எண்ணைக் குறித்துக்கொள்வது. கார்டின் பின்னால் இருக்கும் 1800 இலவச எண்ணை வெளிநாட்டிலிருந்து நம்பாதீர்கள், பெரும்பாலும் கிடைக்காது. எண்ணைக் கைபேசியில் மட்டும் வைக்காமல் ஒரு தாளிலும் எழுதிப் பெட்டியில் வையுங்கள். கைபேசியும் பர்ஸும் சேர்ந்தே தொலைகிற பொருள்கள். அந்தத் தாளில் பின் நம்பரை மட்டும் எழுதாதீர்கள்.

ஐந்து. ஒத்திகை. இங்கேயே நம் ஊர்ச் சூப்பர் மார்க்கெட்டில் கார்டைத் தட்டி, பின் நம்பர் போட்டு, கணவன் ஒரு முறை, மனைவி ஒரு முறை வாங்கிப் பாருங்கள். ஆண்டு விழா நாடகத்துக்கே பத்து நாள் ஒத்திகை பார்த்தவர்கள் நாம்.

இனி ஒரு கணக்கு. கரும்பலகை இல்லாத குறைதான்.

சிங்கப்பூர்க் கடையில் 100 வெள்ளிக்குப் பொருள் வாங்குகிறீர்கள். கார்டைக் கொடுத்ததும் இயந்திரத்தின் திரையில் ஒரு கேள்வி வரும்: "இந்திய ரூபாயில் செலுத்துகிறீர்களா, சிங்கப்பூர் வெள்ளியில் செலுத்துகிறீர்களா?" நம் மனசு உடனே ரூபாய்ப் பக்கம் போகும். தெரிந்த முகத்தைப் பார்த்த மாதிரி. அதைத் தொடாதீர்கள்.

கணக்குக்காகச் சந்தை விலை 65 ரூபாய் என்று வைப்போம். வெள்ளியில் செலுத்தினால் 6,500 ரூபாய். அதன்மேல் நம் வங்கி நாணய மாற்றுக் கட்டணம் வாங்கும். வங்கிக்கு வங்கி மாறும், பல கார்டுகளில் 3.5 சதவீதம் வரை போகும். அது 227 ரூபாய் 50 காசு. அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி., 40 ரூபாய் 95 காசு. ஆக மொத்தம் 6,768 ரூபாய் 45 காசு.

ரூபாயில் செலுத்தினால் விலையை நிர்ணயிப்பது நம் வங்கி இல்லை, அந்த இயந்திரத்தின் பின்னால் இருக்கும் நிறுவனம். அவர்கள் தங்கள் லாபத்தைச் சேர்த்து வெள்ளிக்கு 70 ரூபாய் என்று போட்டால் 7,000 ரூபாய். ஒரே பொருளுக்கு 231 ரூபாய் 55 காசு கூடுதல். சில வங்கிகள் இப்படி ரூபாயில் செலுத்தியதற்கும் தனியாகக் கட்டணம் பிடிக்கும். எனவே விதி ஒன்றுதான்: எந்த ஊரில் நிற்கிறோமோ அந்த ஊர்க் காசில் செலுத்து. ஏ.டி.எம்.மிலும் இதே கேள்வி வரும். அங்கேயும் இதே விடைதான். இந்த நாணய மாற்றுக் கட்டணமே இல்லாத கார்டுகளும் இப்போது சில வங்கிகளில் கிடைக்கின்றன. கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது கணக்கு சின்னது. வெளிநாட்டு ஏ.டி.எம்.மில் ஒவ்வொரு முறை எடுப்பதற்கும் நம் வங்கி ஒரு நிலையான கட்டணம் வாங்கும். அந்த ஊர் வங்கியும் தன் பங்குக்கு வாங்கலாம். ஒரு முறைக்கு 150 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது இருபது வெள்ளியாக ஐந்து முறை எடுத்தால் கட்டணம் 750 ரூபாய். நூறு வெள்ளியாக ஒரே முறை எடுத்தால் 150 ரூபாய். திருவிழாக் கடையில் பேரம் பேசி ஐந்து ரூபாய் குறைக்கும் நாம், இந்த அறுநூறைக் கண்ணை மூடிக்கொண்டு விடலாமா?

ஊருக்கு ஊர் சில வழக்கங்கள் வேறு. சிங்கப்பூரில் ரயிலிலும் பஸ்ஸிலும் தட்டிச் செலுத்தும் வங்கிக் கார்டையே நேராகத் தட்டிப் போகலாம். ஆனால் வெளிநாட்டுக் கார்டுக்குச் சிறு கட்டணம் உண்டு. நிறைய நாள் தங்குபவர்கள் உள்ளூர்ப் பயண அட்டை வாங்கிக்கொள்வது லாபம். அங்கே பொருள்களுக்கு 9 சதவீதம் ஜி.எஸ்.டி. சுற்றுலாப் பயணியாகப் போனவர், திட்டத்தில் சேர்ந்த கடையில் 100 வெள்ளிக்குக் குறையாமல் வாங்கினால், பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிவு செய்து, திரும்பும்போது சாங்கி விமான நிலையத்தில் அந்த வரியில் பெரும்பகுதியைத் திரும்பப் பெறலாம். அமெரிக்காவில் வேறு மாதிரி. அலமாரியில் போட்டிருக்கும் விலையில் பெரும்பாலும் விற்பனை வரி சேர்ந்திருக்காது. பத்து டாலர் என்று எழுதியிருப்பதற்குப் பத்து டாலரை எண்ணி வைத்துக்கொண்டு நின்றால் போதாது. சாப்பாட்டுக் கடையில் பரிமாறியவருக்கு 15 முதல் 20 சதவீதம் டிப்ஸ் வைப்பது அங்கே வழக்கம். இவற்றையும் வாரக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"அதான் யு.பி.ஐ. இருக்கே" என்கிறார்கள் இளைஞர்கள். 2024 பிப்ரவரியில் இலங்கையிலும் மொரீஷியசிலும் யு.பி.ஐ. தொடங்கியது. பாரீசின் ஈபிள் கோபுரத்திலும் அதே மாதம் வந்தது. சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம், நேபாளம், பூடான் ஆகிய நாடுகளிலும் சில கடைகளில் செல்லும். சந்தோஷம். ஆனால் "சில கடைகள்" என்ற சொல்லைக் கவனியுங்கள். டீக்கடை முதல் பூக்கடை வரை நீட்டி நீட்டிப் பழகிய கை, அங்கே எல்லாக் கடையிலும் நீண்டால் ஏமாற்றம்தான். அதைக் கூடுதல் வசதியாக வைத்துக்கொள்ளுங்கள், அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

கார்டு தொலைந்தால் என்ன செய்வது? முதலில் கார்டை முடக்குங்கள். மற்றதெல்லாம் பிறகு. பல பெரியவர்கள் இங்கேதான் தயங்குகிறார்கள். "பையன் திட்டுவான், வீட்டில் தேடிப் பார்த்துவிட்டுச் சொல்லலாம்" என்று இரண்டு நாள் தேடுகிறார்கள். சிறு தொகைக்கு பின் நம்பர் கேட்காத கார்டு அது, எடுத்தவன் தட்டிக்கொண்டே போவான். 2017-இல் ரிசர்வ் வங்கி தந்த பாதுகாப்பு ஒன்று உண்டு. வங்கி மீதும் நம் மீதும் தவறில்லாமல் வேறு வழியில் பணம் திருடு போயிருந்தால், வங்கியிடமிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் புகார் கொடுத்தவருக்கு நஷ்டம் இல்லை. நான்கு முதல் ஏழு நாள் என்றால் ஒரு வரம்பு வரை நம் பங்கு உண்டு. அதற்கும் மேல் போனால் வங்கியின் கொள்கைப்படிதான். தயக்கத்துக்கு விலை இருக்கிறது. பிள்ளைகளே, தொலைத்துவிட்டு வந்து நிற்கும் அப்பாவைத் திட்டாதீர்கள். ஒரு முறை திட்டினால் அடுத்த முறை உங்களிடம் சொல்ல மாட்டார்.

திரும்பி வந்ததும் மூன்று வேலை. கார்டின் வெளிநாட்டுப் பயன்பாட்டை மூடுங்கள். ஃபாரெக்ஸ் கார்டில் மிஞ்சியதை ரூபாயாக மாற்றிக் கணக்கில் போடுங்கள். சும்மா கிடக்கும் கார்டுக்கும் சில இடங்களில் கட்டணம் பிடிப்பார்கள். நோட்டு மிஞ்சியிருந்தால் 180 நாளுக்குள் மாற்றிவிட வேண்டும் என்பது விதி. 2,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை அடுத்த பயணத்துக்கென்று வைத்துக்கொள்ளலாம். சில்லறைக் காசை இங்கே மாற்றுவது கடினம். கிளம்பும் நாளில் விமான நிலையத்தில் பேரனுக்குச் சாக்லேட் வாங்கித் தீர்த்துவிடுங்கள்.

வருமான வரி பற்றியும் இருவர் கேட்டிருந்தார்கள். ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லவும் அனுப்பவும் அனுமதி உண்டு. ஃபாரெக்ஸ் கார்டும் வாங்கும் நோட்டும் இந்தக் கணக்கில் சேரும். பயணக் கைச்செலவு, அன்பளிப்பு போன்றவற்றுக்கு ஆண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 20 சதவீதம் டி.சி.எஸ். பிடிப்பார்கள். அது வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளக்கூடியது. நம்மைப் போன்ற பென்ஷன்காரர்கள் கைச்செலவில் அந்த எல்லையைத் தொடப் போவதில்லை. கவலை வேண்டாம்.

நிறைவாக, வெளிநாட்டில் இருக்கும் என் பிள்ளைகளுக்குச் சில வார்த்தை.

அப்பா அம்மா வந்து இறங்கிய முதல் வாரத்தில் சுற்றிப் பார்க்கக் கூட்டிப் போகுமுன், பக்கத்துக் கடைக்குக் கூட்டிப் போங்கள். அவர்கள் கார்டால் அவர்களே பால் வாங்கட்டும். நீங்கள் ஓரமாக நில்லுங்கள். நேரம் ஆகும். பின்னால் வரிசை நிற்கும். நிற்கட்டும். உங்களுக்கு 'அ' எழுத எத்தனை நாள் ஆனது என்று எங்களுக்குத் தெரியும்.

உங்கள் கார்டின் துணைக் கார்டை அவர்களிடம் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். அம்மா ஒரு கைக்குட்டை வாங்கினாலும் உங்கள் கைபேசியில் மணி அடிக்கும். அது அவருக்கும் தெரியும். அதனாலேயே வாங்க மாட்டார். அவர் பணம் அவர் கணக்கில், அவர் கைபேசியில் மணி அடிக்கட்டும். வாரத்தில் ஒரு நாள் ஓட்டலுக்குப் போனால் அப்பா பில்லைக் கேட்பார். "நீங்க சும்மா இருங்கப்பா" என்று பிடுங்காதீர்கள். மூன்றில் ஒரு முறையாவது கொடுக்க விடுங்கள்.

ஊரில் இருக்கும் என் வயதுக்காரர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். கணவன் மனைவி சேர்ந்த கணக்கு நம்மில் பலருக்கு இருக்கிறது. இருவரில் எவரும் இயக்கலாம் என்ற கணக்கில் இருவருமே தனித்தனிக் கார்டு வாங்கலாம். ஆனால் பெரும்பாலான வீடுகளில் கார்டு ஒன்றுதான், அது ஐயா சட்டைப் பையில்தான். வீட்டம்மா பெயரில் கார்டே வாங்கியிருக்க மாட்டோம். பேறுகாலம் பார்க்கத் தனியாக ஆறு மாதம் போகிறவர் அந்த அம்மாதான், ஐயா இல்லை. போகிறவரிடம் இல்லாத கார்டு, வீட்டில் இருப்பவரிடம் எதற்கு?

வெளிநாட்டுப் பயணம் இருக்கிறதோ இல்லையோ, வருகிற திங்கட்கிழமை இருவருமாக வங்கிக்குப் போங்கள். அவர் பெயரில் ஒரு கார்டு கேட்டு விண்ணப்பம் கொடுங்கள். பின் நம்பரை அவரே தேர்ந்தெடுக்கட்டும். நீங்கள் எட்டிப் பார்க்காதீர்கள்.

சந்தேகம் இருப்பவர்கள் கீழே கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். வங்கியில் வேலை பார்க்கும் என் மாணவர்கள் நான்கைந்து பேர் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். விட்டுப்போனது ஏதும் இருந்தால் சேர்த்துச் சொல்லுங்கள், கட்டணங்கள் மாறியிருந்தால் திருத்துங்கள். பெற்றோரை அழைக்கப் போகும் நண்பர்களுக்கு அனுப்ப விரும்புவோர் தாராளமாகப் பகிரலாம்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்